ஒட்டிய உறைக்குள் ஒரு பெயர்

2012 ஜூன் மாதத் தொடக்கம். பார்சிலோனாவை ஒட்டிய ஹோஸ்பிதாலெத்தில் நான் குடியிருந்த கட்டடத்தின் கீழ் வீட்டு அம்மா ஒரு சாயங்காலம் வந்து கதவைத் தட்டினார். கையில் ஒரு பென் டிரைவ்.

"இஹா, நீ கம்ப்யூட்டர் வேலைதானே பார்க்கிறே? இதுக்குப் பக்க எண் போட்டுத் தர்றியா?"

இஹா என்றால் மகளே. அந்த ஊரில் வயதான பெண்கள் என்னைப் போன்ற எல்லாரையும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். திறந்து பார்த்தால் முந்நூற்று நாற்பது பக்கத்தில் ஒரு நாவல். தெற்கு ஸ்பெயினின் ஹாயேன் மாகாணத்து ஆலிவ் தோப்புகளில் கூலிக்குப் பழம் உதிர்த்த ஒரு குடும்பம், அறுபதுகளில் மூட்டை கட்டிக்கொண்டு பார்சிலோனா இருக்கும் கத்தலோனியாவுக்கு ரயில் ஏறும் கதை. அது அவருடைய குடும்பத்தின் கதையும்கூட. துணி ஆலையில் முப்பது வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சமையலறை மேஜையில் உட்கார்ந்து இரண்டு விரலால் தட்டித் தட்டி ஏழு வருஷம் எழுதியிருக்கிறார். எழுதுகிறார் என்பதே மூன்று வருஷம் மேல்வீட்டில் இருந்த எனக்குத் தெரியாது.

மறுநாள் ஜெராக்ஸ் கடைக்குக் கூடவே போனேன். மூன்று பிரதி எடுத்து மூன்றுக்கும் ஸ்பைரல் பைண்டிங் போட்டோம். வீட்டுக்கு வந்ததும் ஒரு சின்ன உறையை எடுத்தார். பெயர், முகவரி, தொலைபேசி எண் எழுதிய தாளை நான்காக மடித்து உள்ளே வைத்தார். உறையின் மேல் நாவலின் தலைப்பும் ஒரு புனைபெயரும் மட்டும். புனைபெயராக அவர் வைத்தது செத்துப்போன தன் அம்மாவின் பெயரை. நாக்கால் நனைத்து ஒட்டினார். மேஜைமேல் வைத்து உள்ளங்கையால் மூன்று முறை அழுத்தித் தேய்த்தார்.

இந்த ஒட்டிய உறைக்கு ஸ்பானிய மொழியில் பிளிகா என்று பெயர். பிரசுரமாகாத படைப்புகளுக்கான போட்டிகள் பலவும் அங்கே இதை நம்பித்தான் நடக்கின்றன. எழுதியது யார் என்று தெரியாமல் நடுவர்கள் படிப்பார்கள். ஜெயித்த கைப்பிரதிக்குரிய உறையை மட்டும் திறப்பார்கள். கேட்கும்போதே மனசுக்கு இதமாக இருக்கும் ஏற்பாடு.

கீழ் வீட்டு அம்மா அனுப்பியது, பிளனேட்டா என்ற பெரிய பதிப்பகம் வருஷாவருஷம் தரும் பிளனேட்டா நாவல் பரிசுக்கு. அப்போது முதல் பரிசு 601,000 யூரோ, யூரோவுக்கு முந்தைய ஸ்பானிய நாணயத்தில் பத்துக் கோடி பெசெட்டா. 2021 முதல் அது பத்து லட்சம் யூரோ. நம் பணத்தில் ஏறக்குறைய பத்துக் கோடி ரூபாய். இரண்டாவதாக வரும் நாவலுக்கே 2 லட்சம் யூரோ. அந்த உயர்வை அறிவித்தபோது, நோபல் இலக்கியப் பரிசின் தொகையையே இது தாண்டிவிட்டது என்று செய்தித்தாள்கள் கணக்குப் போட்டு எழுதின. நோபல் ஒருவருடைய வாழ்நாள் எழுத்துக்கு. இதுவோ இன்னும் அச்சேறாத ஒற்றை நாவலுக்கு.

இதைத் தொடங்கிய ஹோசே மனுவேல் லாராவும் தெற்கிலிருந்து வந்தவர்தான். செவில்யா மாகாணத்தில் எல் பெட்ரோசோ என்ற ஊரில் 1914இல் பிறந்தவர். ஸ்பெயினின் உள்நாட்டுப் போரில், பின்னால் சர்வாதிகாரியாக ஆண்ட ஃப்ராங்கோவின் படையில் இருந்தார். போர் முடிந்த 1939இல் பார்சிலோனாவுக்கு வந்து அங்கேயே தங்கிவிட்டார். 1949இல் பிளனேட்டா பதிப்பகம், 1952இல் பரிசு. முதல் வருஷத் தொகை 40,000 பெசெட்டா, வாங்கியவர் ஹுவான் ஹோசே மிரா. பரிசளிப்பு நாளாகப் பின்னால் நிலைத்தது அக்டோபர் 15, புனித தெரெசாவின் திருநாள். லாராவின் மனைவி பெயர் மரியா தெரெசா. மனைவியின் பெயர்நாளில் வீட்டு விருந்து வைப்பதைப் போல அந்த மனிதர் ஒரு நாட்டுக்கே விருந்து வைத்தார் என்று எனக்குத் தோன்றும்.

லாரா இலக்கிய மேதை இல்லை, வியாபாரி. கலைக்களஞ்சியங்களைத் தவணை முறையில் வீடு வீடாகக் கொண்டு சேர்த்த நிறுவனம் அவருடையது. புத்தகக் கடைக்குள் காலே வைக்காதவர்களிடம் புத்தகம் விற்பது எப்படி என்று அவருக்குத் தெரிந்திருந்தது. அக்டோபர் நடுவில் பரிசு அறிவிப்பு, நவம்பரில் புத்தகம், டிசம்பரில் கிறிஸ்துமஸ். அப்பாவுக்கு, மாமியாருக்கு, அலுவலக நண்பருக்கு என்ன வாங்குவது என்று திணறுகிறவர் கண்ணில் பரிசு வென்ற நாவல் படும், சூப்பர்மார்க்கெட்டில்கூட. வருஷத்துக்கு ஒரே ஒரு நாவல் படிக்கிற ஒருவர் படிப்பது அநேகமாக இதைத்தான். கீழ் வீட்டு அம்மாவின் கூடத்து அலமாரியில் இருபதுக்கு மேல் பிளனேட்டா நாவல்கள் வரிசையாக நின்றன. ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் கணவர் வாங்கிக் கொடுத்தவை. அவர் போன பிறகு இவரே வாங்கிக்கொண்டார். நாவல் எழுத அவர் கற்றுக்கொண்டதும் அந்த அலமாரியிலிருந்துதான். இதைச் சின்ன விஷயமென்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும்.

அந்த வரிசையில் நல்ல நாவல்களும் உண்டு. 1954இல் அனா மரியா மதூதே. 1969இல், அமெரிக்காவில் புலம்பெயர்ந்து வாழ்ந்துகொண்டிருந்த ரமோன் ஹோத்தா செந்தேர். ஃப்ராங்கோ இறந்து இரண்டே வருஷத்தில், 1977இல், பழைய கம்யூனிஸ்ட் தலைமறைவுப் போராளி ஹோர்ஹே செம்ப்ருன். 1978இல் ஹுவான் மர்சே, அடுத்த வருஷம் மனுவேல் வாஸ்கெஸ் மொந்தல்பான், 1993இல் மரியோ வர்கஸ் யோசா. இந்தப் பெயர்களையெல்லாம் கணக்கில் எடுக்காமல் பிளனேட்டா என்றாலே குப்பை என்று ஒதுக்குகிற இலக்கியவாதிகளோடு எனக்கு ஒத்துப்போவதில்லை.

ஆனால் என் கண் முன்னால் ஒட்டிய அந்த உறை?

ஒட்டிய உறை என்னவெல்லாம் செய்யும் என்பதற்குப் பிளனேட்டாவைவிட மூத்த ஒரு பரிசைத்தான் சொல்ல வேண்டும். பார்சிலோனாவிலேயே, தெஸ்தினோ என்ற வாரப் பத்திரிகையின் ஆட்கள் 1944இல் நாதால் பரிசைத் தொடங்கினார்கள். அந்த வருஷம் இளம் வயதிலேயே இறந்துபோன தங்கள் ஆசிரியர் எவுஹேனியோ நாதாலின் பெயரை அதற்கு வைத்தார்கள். முதல் பரிசு 1945 ஜனவரி 6 அன்று அறிவிக்கப்பட்டது. போட்டியில் அன்றைக்குப் பெயர்பெற்ற பத்திரிகையாளர் செசார் கொன்சாலெஸ்-ருவானோவும் இருந்தார். ஜெயித்தது இருபத்து மூன்று வயதுப் பெண் ஒருத்தி, கார்மென் லாஃபோரெத். அதுவரை யாருக்கும் தெரியாத பெயர். நாவலின் தலைப்பு 'நாதா', அதாவது 'ஒன்றுமில்லை'. போருக்குப் பிந்தைய பார்சிலோனாவில், இருட்டும் பசியும் பிடித்த ஒரு வீட்டுக்குப் படிக்க வந்து சேரும் பெண்ணின் கதை. ஸ்பானிய மொழியில் இன்றும் அச்சில் இருக்கிற நாவல். தணிக்கையும் பயமும் நிறைந்த காலத்தில், சிபாரிசு எதுவும் இல்லாத ஒரு மாணவியின் கைப்பிரதியை யாரோ எடுத்து, முதல் பக்கத்திலிருந்து ஒழுங்காகப் படித்திருக்கிறார்கள். 1947ஆம் ஆண்டுக்கான நாதால் வயாதோலித் ஊரின் உள்ளூர்ப் பத்திரிகையில் வேலை பார்த்த இன்னொரு அறிமுகமில்லாதவருக்குப் போனது. அவர் மிகெல் தெலிபெஸ்.

தெலிபெஸ்ஸின் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

1994இல் பிளனேட்டா பரிசு கமிலோ ஹோசே செலாவுக்குக் கிடைத்தது. ஐந்து வருஷம் முன்பே நோபல் வாங்கியவர். நோபல் வாங்கியவர் எதற்காகப் புனைபெயரில் உறை ஒட்டிப் போட்டிக்கு அனுப்ப வேண்டும் என்ற கேள்வி அப்போதே எழுந்தது. அடுத்து வந்தது அதைவிடக் கனமான குற்றச்சாட்டு. அதே போட்டிக்குத் தன் நாவலை அனுப்பியிருந்த கலீசியப் பள்ளி ஆசிரியை கார்மென் ஃபோர்மோசோ, தன் கதைதான் செலாவின் நாவலாகியிருக்கிறது என்று நீதிமன்றம் போனார். செலா 2002இல் இறந்த பிறகும் வழக்கு முடியவில்லை. செலா தரப்பும் பதிப்பகமும் குற்றச்சாட்டை மறுத்தே வந்தன. அதன் சரி தவறை நான் தீர்ப்புச் சொல்ல முடியாது. தெலிபெஸ் சொன்னது வேறு. அந்த வருஷப் பரிசு முதலில் தன்னிடம்தான் நீட்டப்பட்டது, நான் வேண்டாம் என்றேன் என்று வெளிப்படையாகவே சொன்னார். முகம் தெரியாத இளைஞனாக உறையை ஒட்டி அனுப்பி உள்ளே நுழைந்த மனிதர், வயதான காலத்தில் பணக்கார வாசல் அழைத்தபோது மறுத்துவிட்டார். நடுவர்கள் படிக்கும் முன்பே பரிசை நீட்டுகிறார்கள் என்றால் கூட வந்த நூற்றுக்கணக்கான உறைகள் எதற்கு என்று அவர் நினைத்திருக்க வேண்டும். அப்படி நினைக்க, ஒருகாலத்தில் அந்த உறைகளில் ஒன்றாகத் தானே இருந்திருக்க வேண்டும்.

நீதிமன்றமே தீர்த்துச் சொன்ன ஒரு வழக்கும் உண்டு, கடலுக்கு அந்தப் பக்கம். பிளனேட்டாவின் அர்ஜென்டினா கிளை நடத்திய பரிசை 1997இல் ரிக்கார்டோ பிக்லியா வென்றார். பெரிய எழுத்தாளர், அவருடைய கட்டுரைகளை நான் மரியாதையோடு படிக்கிறவள். அதே போட்டியில் கலந்துகொண்ட குஸ்தாவோ நீல்சன் வழக்குப் போட்டார். வென்றவருக்கு அந்தப் பதிப்பகத்தோடு ஏற்கெனவே ஒப்பந்தம் இருந்தது, போட்டி நேர்மையாக நடக்கவில்லை என்பது அவர் வாதம். 2005இல் நீதிமன்றம் நீல்சன் பக்கம் நின்றது. பதிப்பகமும் பிக்லியாவும் அவருக்கு 10,000 பெசோ நஷ்டஈடு தர வேண்டும் என்றது. தொகை பெரிதல்ல. ஆனாலும் உறை ஒட்டி அனுப்பிய ஒருவனுக்கு, நியாயமாகப் படிக்கப்படும் உரிமை உண்டு என்று சட்டம் சொன்னது எனக்குப் பெரிய விஷயம்.

அதே 2005இல் பார்சிலோனாவில் நடுவர் குழுவிலிருந்த ஹுவான் மர்சே, வந்திருக்கும் நாவல்களின் தரம் தாழ்ந்திருக்கிறது என்று பத்திரிகையாளர்கள் முன்னாலேயே சொல்லிவிட்டுக் குழுவிலிருந்து விலகினார். பரிசு மட்டும் எப்போதும்போல வழங்கப்பட்டது.

விருந்து எப்படி நடக்கும் என்று ஹோஸ்பிதாலெத்தில் இருந்தபோது டிவியில் பார்த்திருக்கிறேன். பெரிய மண்டபம், வட்ட மேஜைகள், அமைச்சர்கள், எழுத்தாளர்கள், டிவி முகங்கள். சாப்பாடு நடந்துகொண்டிருக்கும்போதே நடுவர்கள் சுற்றுச் சுற்றாக வாக்களித்து ஒவ்வொரு தலைப்பாகக் கழிப்பார்கள். கடைசியில் உறையைத் திறந்து பெயரைப் படிப்பார்கள். அந்தப் பெயருக்குரியவர் அதே மண்டபத்தில், விருந்துக்கான உடையில், ஒரு மேஜையில் உட்கார்ந்திருப்பார். எழுந்து மேடைக்குப் போவார். வென்றவர் யார் என்று அன்று காலைப் பத்திரிகையிலேயே ஊகம் வந்திருக்கும், பெரும்பாலும் சரியாகவும் இருக்கும்.

2021இல், பரிசு பத்து லட்சமான அந்த முதல் இரவில், மன்னரும் அரசியும் வந்திருந்த விருந்தில், உறைக்குள் இருந்தது கார்மென் மோலா. முகம் காட்டாமல் எழுதிய பிரபலமான துப்பறியும் நாவலாசிரியை என்று எல்லாரும் நம்பிக்கொண்டிருந்த பெயர். மேடைக்கு வந்ததோ மூன்று ஆண்கள், மூவரும் டிவித் தொடர்களுக்குத் திரைக்கதை எழுதுகிறவர்கள். கார்மென் மோலாவின் புத்தகங்கள் அதுவரை பிளனேட்டாவுக்கு எதிர்ப்போட்டியான பதிப்பகக் குழுமத்தில் வந்துகொண்டிருந்தவை. 2019இல் வென்ற ஹவியேர் செர்காஸும் அதே குழுமத்திலிருந்து வந்தவர்தான். 2023இலும் 2025இலும் வென்றவர்கள் அந்தேனா 3 சானலில் அன்றாடம் பார்க்கிற முகங்கள். அந்தச் சானலை நடத்தும் நிறுவனத்தின் முக்கியப் பங்குதாரர் பிளனேட்டா. இதனாலேயே அவர்களுக்கு எழுத வராது என்று சொல்ல மாட்டேன். உறை எதற்கு என்பது மட்டும்தான் என் கேள்வி.

எண்களை வைத்துப் பார்த்தால் விஷயம் தெளிவாகும். இது நன்கொடைப் பரிசு இல்லை, ராயல்டிக்கான முன்பணம். அட்டை போட்ட நாவல் ஒன்று அங்கே 22, 23 யூரோ. ஸ்பெயினில் புத்தகத்துக்கு விலை நிர்ணயச் சட்டம் இருப்பதால் கடைக்காரர் சாதாரண நாளில் ஐந்து சதவீதத்துக்கு மேல் தள்ளுபடி தர முடியாது. ஆசிரியருக்குப் பத்து சதவீதம் என்று வைத்தால், பத்து லட்சத்தை ஈடுகட்ட நான்கு லட்சத்துக்கும் மேல் பிரதிகள் விற்க வேண்டும். அவ்வளவு விற்கும் என்று நம்பத் தோன்றுகிற பெயருக்குத்தான் எந்தப் பதிப்பாளரும் அந்த முன்பணத்தைக் கொடுப்பார். அதில் தப்பு ஒன்றுமில்லை. அவர் பணம், அவர் துணிச்சல். அதை முன்பணம் என்றே அழைத்து, விருந்து வைத்து, பெரிய எழுத்தாளரை மேடையேற்றிக் கொண்டாடட்டும். நானும் கைதட்டுவேன். போட்டி என்று பெயர் வைத்து, ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களை உறை ஒட்டி அனுப்பச் சொல்வதுதான் என்னால் ஏற்க முடியாதது.

எல்லாப் பரிசையும் இந்தக் கணக்கில் சேர்க்க மாட்டேன். அல்ஃபகுவாரா பரிசு 1,75,000 டாலர் தருகிறது, லத்தீன் அமெரிக்க எழுத்தாளர்கள் பலரை ஸ்பெயினுக்குக் கொண்டுவந்தது. பணம் மிகக் குறைவான பரிசுகளும் பெரிய வேலை செய்திருக்கின்றன. இருபத்தாறு வயது வர்கஸ் யோசாவை 1962இல் உலகத்துக்குக் காட்டியது சேஷ் பர்ரால் பதிப்பகத்தின் சின்னப் பரிசு. ரொபெர்த்தோ பொலானியோ புகழ் பெறுமுன் ஊர் ஊராக நகராட்சிப் போட்டிகளுக்குக் கதை அனுப்பி, கிடைத்த தொகையில் காலம் தள்ளியவர். அந்த நகராட்சிப் போட்டிகள்தான் ஸ்பெயினில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம். நாலாயிரம் பேர் வசிக்கிற ஊர்கூட ஒரு கதைப் பரிசு வைத்திருக்கும்.

2012 அக்டோபர் 15 இரவு கீழ் வீட்டில்தான் இருந்தேன். அவர் உருளைக்கிழங்கு தோர்த்தியா செய்து வைத்திருந்தார். ஜெயிப்போம் என்று அவர் நினைக்கவில்லை. கடைசிப் பத்துத் தலைப்புகளில் தன்னுடையது இல்லை என்பது முன்பே தெரிந்துவிட்டது. இருந்தாலும் பார்க்க வேண்டும் என்றார். வென்றவர் லொரென்சோ சில்வா. சிவில் கார்டு போலீஸ் ஜோடியான பெவிலாக்வாவும் சமோர்ரோவும் வரும் இன்னொரு நாவல். அந்த ஜோடியை அந்த அம்மாவே நான்கைந்து நாவலில் படித்திருக்கிறார். உறையைத் திறந்து பெயர் சொன்னதும் என் பக்கம் திரும்பி, "ஆள் பேரு பெவிலாக்வான்னு முதல் பக்கத்துல பார்த்தாலே எழுதினது யாருன்னு தெரிஞ்சிடுமே, இஹா," என்றார். குரலில் கசப்பு இல்லை. புரிந்துகொண்டிருந்தார், அவ்வளவுதான். தட்டை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனார். குழாயைத் திறந்துவிட்டு ரொம்ப நேரம் வெளியே வரவில்லை.

கிறிஸ்துமஸுக்கு அந்த நாவலை வாங்கிப் படித்தார். நன்றாக இருக்கிறது என்று எனக்கும் கொடுத்தார். நன்றாகத்தான் இருந்தது.

போட்டிக்கு அனுப்பும் கைப்பிரதிகளைத் திருப்பித் தர மாட்டார்கள், அழித்துவிடுவார்கள். மிஞ்சிய மூன்றாவது பிரதியை இரண்டு வாரம் எடுத்துக்கொண்டு அகராதியோடு படித்தேன். நடுவில் தொய்வு உண்டு, அதை அவரிடமே சொன்னேன். ஆனால் பனி உறைந்த காலையில் தரையில் முழங்காலிட்டு ஆலிவ் பொறுக்கும் சிறுமி, விரல் மரத்துப்போகாமலிருக்கக் காய்ச்சிய கூழாங்கல்லைப் பாவாடைப் பையில் வைத்துக்கொண்டு மாற்றி மாற்றிப் பிடிக்கிற ஒரு பக்கம் இருக்கிறது. அப்படி ஒரு பக்கத்தை அந்த அலமாரியில் நின்ற எந்தப் பரிசு நாவலிலும் நான் படித்ததில்லை. முந்நூற்று நாற்பதில் அது அறுபத்து இரண்டாம் பக்கம். அதுவரை யாராவது படித்தார்களா என்பதுதான் இத்தனை வருஷமாக என்னை அரிக்கிற கேள்வி.

நான் ஊர் திரும்பி ஏழெட்டு வருஷமாகிறது. போன வசந்தத்தில் வீடியோ அழைப்பில் வந்தார். எண்பதைத் தாண்டிவிட்டார். அந்த ஆலிவ் பக்கங்களைத் தனியாகப் பிரித்துச் சிறுகதையாக்கியிருக்கிறார். ஹாயேன் பக்கத்து நகராட்சி ஒன்றின் போட்டிக்கு அனுப்ப வேண்டும், பரிசு அறுநூறு யூரோ. இப்போது தபால் இல்லை, மின்னஞ்சல்தான். இரண்டு ஃபைல் இணைக்கச் சொல்கிறார்கள். ஒன்றில் கதை, இன்னொன்றில் பெயரும் முகவரியும். இரண்டாவது ஃபைலுக்கு 'பிளிகா' என்றே பெயர் வைக்க வேண்டும்.

திரையில் எனக்குக் காட்டிக் காட்டிப் பெயரை மாற்றினார். இணைத்தார். அனுப்பும் பட்டனில் விரலை வைத்துவிட்டு நிறுத்தினார்.

"இதை எப்படி இஹா ஒட்டறது?"

ஒட்ட வழி இல்லை, அவர்கள் திறக்காமல் இருப்பார்கள் என்று நம்பத்தான் வேண்டும் என்றேன்.

சரி என்று தலையாட்டிவிட்டு அனுப்பினார்.